பிரேக் அக்காவிடம்

என் பழைய ஆம்ப்ளிஃபயர் உயிரை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாலு பேர் கண்ணெதிரில். பாட்டின் நடுவில் கர்ரென்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாசனை, அவ்வளவுதான். நான் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். அக்கா மிக்ஸர் மேல் குனிந்து எதையோ துடைப்பதுபோல் பாவனை செய்தாள். அவள் தோள் குலுங்கியதிலேயே சிரிக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. நாற்பத்தொரு வருஷமாக அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் பாடுகிறவர் வக்கீல். கோர்ட்டில் எப்படியோ, மேடையில் இரண்டாவது சரணம் அவருக்கு எப்போதும் மறந்துபோகும். டிரம்ஸ் வாசிப்பது அத்தான், அதாவது அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவருடைய கார் ஷெட்டில்தான் எங்கள் ஒத்திகை. பேஸ் கிட்டார் மருந்துக்கடைக்காரர், பேசவே மாட்டார். கிட்டார் நான். பகலில் பல் லேபில் உட்கார்ந்து பல் செட்டுக்குக் கடைவாய்ப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மிக்ஸர், அதாவது எங்கள் எல்லோர் ஒலியையும் ஏற்றி இறக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பலகை, அக்கா கையில். பகலில் காது கிளினிக்கில் காது கேளாதவர்களுக்குக் காது மெஷின் பொருத்துகிறாள். ஒரே வீட்டில் பிறந்து ஒருத்தி வாய்க்கும் ஒருத்தி காதுக்குமாக வேலைக்குப் போனோம். எங்கள் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

சண்டை என்றால் ஒன்றே ஒன்றுதான், சத்தம். நான் அதிகம் வைக்கிறேன் என்பது அவள் கட்சி. நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை என்பது என் கட்சி.

போன வருஷம் ஒரு வங்கி ஊழியர் விழாவில் வாசித்தோம். மறுநாள் மிக்ஸரிலிருந்து எடுத்த ரெக்கார்டிங்கை லேபில் எல்லோருக்கும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். வக்கீல் இருந்தார், டிரம்ஸ் இருந்தது, மருந்துக்கடைக்காரரின் பேஸ்கூட இருந்தது. என்னைக் காணவில்லை. ஒரு மணி நேரம் விரல் தேய வாசித்தவள் அந்த விழாவுக்கே போகாதவள்போல் இருந்தது. லேபில் ஒருத்தர், அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அக்காவைப் பிடித்து உலுக்கினேன். அவள் நிதானமாக விளக்கினாள். என் ஆம்ப் மேடையில் போட்ட சத்தமே மண்டபம் முழுக்க நிரம்பிவிட்டதாம். அதனால் என்னை மிக்ஸர் வழியாக ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லையாம். மிக்ஸர் வழியாக வராதது ரெக்கார்டிங்கில் எப்படி வரும் என்று கேட்டாள். நியாயமான விளக்கம்தான். நான் அதை நம்பவில்லை. வேண்டுமென்றே என்னை அமுக்கிவிட்டாள் என்று முடிவு கட்டி, அந்தக் கோபத்தை ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆக, ஆம்ப் செத்ததும் அக்கா ஏன் சிரித்தாள் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்போது கடைகளில் வருவதெல்லாம் டிஜிட்டல் பெட்டி. ஷூ பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் நூறு பழைய ஆம்ப்களின் குரலை அடைத்து வைத்திருக்கிறார்கள். எது வேண்டுமோ அதைத் திருகி எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு வகை. பவர் உள்ள பெட்டி என்றால் ஸ்பீக்கரை நேரே அதில் மாட்டிக்கொள்ளலாம், சத்தம் வாசிக்கிறவர் கையில். பவர் இல்லாத பெட்டியிலிருந்து வருவது மெல்லிய சிக்னல் மட்டும். அதை மிக்ஸருக்கு அனுப்பி, மிக்ஸரில் இருப்பவர் மனசு வைத்து ஏற்றினால்தான் வெளி உலகத்துக்குக் கேட்கும். கிட்டார் வாசிக்கிறவர்கள் இன்டர்நெட்டில் இந்த இரண்டைப் பற்றியும் சொத்துத் தகராறுபோல அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்ப் செத்த அன்றைக்கே அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் அவள் கிளினிக்கின் ஆண்டுக் கூட்டம். மெஷின் வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் குடும்பங்களுமாக இருநூறு பேர் வருவார்கள். அதில் நம் குழு வாசிக்க வேண்டும் என்று டாக்டரிடம் அவளே சொல்லி வாங்கியிருந்தாள்.

அந்த ஹாலில் ஒரு வசதி இருப்பதாகச் சொன்னாள். தரையைச் சுற்றி ஒரு வயர் ஓடுகிறது, அதற்கு லூப் என்று பெயர். மிக்ஸரிலிருந்து அந்த வயருக்கு ஒலியை அனுப்பினால், காது மெஷினில் ஒரு சின்ன பொத்தானைத் தள்ளி வைத்தவர்களுக்கு அது நேராகக் காதுக்குள் போய்விடும். நாற்காலி இழுக்கிற சத்தம், இருமல், எதுவும் நடுவில் வராது. மிக்ஸருக்குள் போவது மட்டும்தான் கேட்கும். வருஷக்கணக்கில் பாட்டே கேட்காதவர்கள் சிலர் அன்றைக்குத்தான் முதலில் கேட்கப் போகிறார்கள் என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அதை மறைக்க இருமினாள்.

“பவர் இல்லாத பெட்டியா வாங்கு குட்டி. மேடையில உன் பின்னாடி ஸ்பீக்கரே வேண்டாம். எல்லாம் எங்கிட்ட வரட்டும், நான் பாத்துக்கறேன்.”

நான் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“அன்னிக்கு மட்டும் நீ ஸ்பீக்கர் வெச்சு அலறவிட்டா, அதோட நான் மிக்ஸர மூடிருவேன். நாள் பூரா காது போனவங்களோட உக்காந்திருக்கேன். சாயங்காலம் வந்து இன்னும் நாலு பேர் காத நானே கெடுக்க முடியாது. சும்மா சொல்றேன்னு நினைக்காத.”

அவள் எதையும் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. அக்கா இல்லாத மிக்ஸரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சண்டை போடுவதற்காவது அவள் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் அந்த ‘நான் பாத்துக்கறேன்’ இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் பள்ளிக்கூடப் பையை அவள் பார்த்துக்கொண்டாள். என் தலைமுடியை எவ்வளவு வெட்டுவது என்று அவள் பார்த்துக்கொண்டாள். எங்கள் அறையில் இருந்த ரேடியோவின் திருகை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் தொட்டால் கையில் ஓர் அடி விழும். நாற்பது தாண்டியும் என் சத்தத்தை அவள் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

அத்தானிடம் யோசனை கேட்டேன். அவர் பாடம் எடுக்கிற காருக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தார். “இதுல என்ன இருக்கு? பவர் இல்லாத பெட்டின்னா என் ஸ்கூல் கார் மாதிரி. ஸ்டியரிங் உன்கிட்ட இருக்கும். பிரேக் அக்காகிட்ட இருக்கும்,” என்றார். சொல்லிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைப் பழக்கதோஷத்தில் ஒரு மிதி மிதித்தார். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்த ஒரு மிதி போதும், முடிவு எடுத்துவிட்டேன்.

கடையில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முன்பக்கம் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. அதே திருகுகள், அதே பச்சை விளக்கு. கடைக்காரர் திருப்பிக் காட்டியபோதுதான் பவர் உள்ளதன் பின்னால் ஸ்பீக்கருக்கென்று ஓர் ஓட்டை கூடுதலாக இருப்பது தெரிந்தது. எங்கே வாசிக்கப் போகிறேன், மிக்ஸர் உண்டா, நல்ல ஆள் உண்டா என்றெல்லாம் கேட்டார். மிக்ஸர் உண்டு, ஆளும் நல்ல ஆள்தான் என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் பவர் இல்லாததே போதும், கனமும் குறைவு என்றார். பவர் உள்ளதைக் கட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பல் செட்டும் இப்படித்தான். முன்னால் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, சங்கதியெல்லாம் பின்பக்கம் இருக்கும். அந்தத் தொழில் தைரியத்தில்தான் அக்காவிடம் போய், “நீ சொன்னதையே வாங்கிட்டேன்,” என்று பெட்டியின் முகத்தை மட்டும் காட்டினேன். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தேன்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. நான் திருந்திவிட்டதாக அத்தானிடம் சொன்னாளாம். ஒத்திகைக்கு வரும்போது எனக்கென்று தனியாக ஒரு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். மூன்று வாரமும் நான் சாதுவாக மிக்ஸர் வழியாகவே வாசித்தேன். டீ நன்றாக இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் உறுத்தியது. சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் அவள், “இன்னும் கொஞ்சம் குறைச்சு வாசிச்சா இன்னும் நல்லாருக்கும்,” என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

என் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குக் குழுவில் பீரோ என்று பெயர். இடுப்பு உயரம், கறுப்பு, இரண்டு பேர் இல்லாமல் நகராது. கூட்டத்தன்று காலையில் அதை ஹாலுக்குக் கொண்டுபோய் மேடைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்கு அத்தானைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு மனைவியிடம் பயம் உண்டு. ஆனால் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தனக்கும் கிட்டார் கேட்பதில்லை என்ற குறையும் உண்டு. குறை பயத்தைத் தோற்கடித்துவிட்டது. ஸ்கூல் கார் கூரையில் பீரோவைக் கயிறு போட்டுக் கட்டி, கற்றுக்கொள்பவர் என்று எழுதிய பலகை தெரிய, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

என் திட்டம் எளிமையானது. அக்கா பார்க்க ஒரு வயர் மிக்ஸருக்குப் போகும். அக்கா பார்க்காமல் இன்னொரு வயர் திரைக்கு அடியில் பீரோவுக்குப் போகும். அவள் பங்குக்கு அவள் ஏற்றட்டும், என் பங்குக்கு நான் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒலிச் சோதனை. ஹால் காலியாக இருந்தது. நீல நாற்காலிகள் வரிசையாக, தரை ஓரமாக டேப் ஒட்டிய வயர். அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸரில் உட்கார்ந்து, கையில் ஒரு காது மெஷினை வைத்து லூப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஆரம்பித்தது. என் முழங்காலுக்குப் பின்னால் பீரோவின் காற்று இதமாக வந்து மோதியது. ஆஹா, மூன்று வாரம் ஆகிவிட்டது அந்தச் சுகம் கிடைத்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வக்கீலின் குரலை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்ப்பதற்காக அக்கா மிக்ஸரில் என் பொத்தானை அமுக்கி என்னை நிறுத்தினாள். வழக்கமாகச் செய்வதுதான். நிறுத்தினால் ஹாலில் என் சத்தம் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. கண்ணை மூடியவள் மூடியபடியே, நிறுத்தப்பட்டது தெரியாமல், ஹால் அதிர வாசித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தியபோதுதான் கண்ணைத் திறந்தேன். அக்கா மேடை ஏறி வந்துகொண்டிருந்தாள்.

அவள் என்னிடம் வரவில்லை. நேரே திரையிடம் போய் ஓரத்தை விலக்கினாள். பீரோ நின்றது. அத்தான் டிரம்ஸ் ஆணி எதையோ மும்முரமாக முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா என் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். அதை அழகாகச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“நேராவே சொல்லிருக்கலாம்,” என்றாள். “உனக்குப் பிடிக்கலன்னு சொல்லிருந்தா ரெண்டு நாள் கத்திருப்பேன். அவ்ளோதானே.”

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னிக்கு நிகழ்ச்சி முடியட்டும். நாளைலேர்ந்து மிக்ஸருக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு மறுபடி ஆணியை முறுக்கினார். நான் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு யார் குறை சொன்னாலும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். இது நானே இழுத்துக்கொண்ட வினை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஹால் ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்துத் திரும்பியிருந்ததால், பீரோ போனதும் எனக்கு நான் வாசிப்பது ஒரு துளியும் கேட்கவில்லை. மிக்ஸரிலிருந்து போகும் வழிகள் மூன்றுதான். ஒன்று ஹால் ஸ்பீக்கர்களுக்கு, ஒன்று வக்கீல் காலடியில் இருக்கும் ஸ்பீக்கருக்கு, ஒன்று லூப்புக்கு. நாலாவது இல்லை. மக்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். கோபத்திலும் அக்காவுக்கு வேலை வேலைதான். லூப்புக்குப் போகிற வழியிலேயே ஒரு கிளை எடுத்து, நீளமாக ஒரு வயரை இழுத்துவந்து, அதன் முனையில் இயர்போனை மாட்டி, என் இரண்டு காதிலும் அவளே செருகினாள். செருகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

நாலு மணிக்குத் தொடங்கினோம். முதல் பாட்டில் நான் அதிர்ந்துபோனேன். காதுக்குள் எல்லாம் தெளிவாக, தனித்தனியாக, அளவாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் எவ்வளவு அழகாக வாசிக்கிறார் என்பது எனக்கு ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கிட்டாரும் இருந்தது, கத்தாமல், குறையாமல், இருக்க வேண்டிய இடத்தில். இதைத்தான் இவள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளா என்று நினைத்தபோது, காதுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

“ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு. முறுக்கு.”

திடுக்கிட்டேன். மிக்ஸரில் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினால் அவள் பேசுவது என் காதுக்கு வரும். ஹாலில் யாருக்கும் கேட்காது. கம்பியை முறுக்கினேன். எனக்குப் பேச மைக் கிடையாது. எதிர்த்துப் பேச முடியாத தங்கச்சி அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்திருந்தாள், விடுவாளா?

இரண்டாவது பாட்டில் வக்கீல் சரணத்தை மறந்து முழித்தார். “வக்கீல் வாய்தா கேக்கறார்,” என்றது காதுக்குள் குரல். “நீ இன்னொரு ரவுண்டு வாசி, அதுக்குள்ள ஞாபகம் வந்துரும்.” நான் வாசித்தேன். ஹாலில் குபீரென்று ஒரு சிரிப்பு. பாதி ஹால் சிரித்தது, மீதிப் பாதி சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தது. வக்கீல் தன் முகபாவம் எடுபட்டதாக நினைத்து, அதையே இன்னொரு தரம் செய்து காட்டினார்.

மூன்றாவது பாட்டு. “உன் அத்தான் வேகத்தக் குறைக்கறார் பாரு. எதிர்ல லாரி வருது போல.” மறுபடி சிரிப்பு. முன்வரிசையில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெரியம்மா அத்தானைக் கை காட்டி, வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். வந்தவர்கள் நல்ல கலகலப்பான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு கூட்டம் எங்களுக்கு அமைந்ததே இல்லை.

அடுத்தது மெதுவான பாட்டு. வக்கீல் ஒழுங்காகப் பாடிவிடுகிற ஒரே பாட்டு அதுதான். டிரம்ஸ் மெல்ல, பேஸ் மெல்ல, நான் ஒவ்வொரு கம்பியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காதில் பொத்தானை அமுக்குகிற ‘டிக்’ கேட்டது. பிறகு பேசினாள்.

“போன வருஷம் அந்த வங்கி விழா. நீ சொன்னது சரிதான். ஹாலுக்கு உன்ன ஏத்த வேண்டி வரல, அது நிஜம். ஆனா ரெக்கார்டிங்குக்காவது உன்ன ஏத்தியிருக்கலாம். ஒரு விரலத் தூக்கினா போதும். உன் மேல இருந்த கோவத்துல ஏத்தல.”

என் கை தானாக வாசித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தப் பாட்டு விரலுக்கே தெரியும்.

“அதுக்கப்புறம் நீ நம்பலன்னு உன்ன எல்லார்கிட்டயும் திட்டிட்டு வேற இருந்தேன். நீ இந்தப் பெட்டிய வாங்கினதுல பாதித் தப்பு என்னுது.” ஒரு பெருமூச்சு என் இரண்டு காதிலும் வந்தது. “சரி, கேக்கறேன். நான் நாளைக்குப் போகட்டுமா, இருக்கட்டுமா? இருன்னா மேல் கம்பிய ஒரு தடவ தட்டு. போன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடை விளக்கெல்லாம் பூவாகத் தெரிந்தது. தட்டத்தான் போகிறேன், அதில் என்ன சந்தேகம்? ஆனால் நான் யாருடைய தங்கச்சி? ஃபிளாஸ்க் டீயையும், ரேடியோ திருகையும், கையில் வாங்கிய அடிகளையும் நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே. ஒரு வரி போனது. தட்டவில்லை. இரண்டாவது வரியும் போனது. கடைசி வரிசைக்குப் பின்னால் அக்கா எழுந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வக்கீலின் பாட்டுக்கு இப்படி ஓர் அமைதியா என்று எனக்கே ஆச்சரியம். முன்வரிசைகளில் பலர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் வக்கீலை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் புடவைப் பெரியம்மா பொறுக்க முடியாமல் எழுந்தார். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் கேட்டார்: “தட்டிரும்மா. பாவம், எவ்ளோ நேரம் அவ நிப்பா?”

எனக்கு மண்டையில் உறைத்தது. லூப்புக்குப் போகிற வழியில்தான் என் இயர்போனுக்குக் கிளை எடுத்தாள். அவசரத்தில் எடுத்தாள். என் காதுக்கு என்று அவள் பேசியதெல்லாம், இரண்டாவது கம்பியிலிருந்து பெருமூச்சு வரைக்கும், ஹாலில் காது மெஷின் வைத்திருந்த அத்தனை பேர் காதுக்குள்ளும் நேராகப் போயிருக்கிறது. இருமலோ நாற்காலிச் சத்தமோ நடுவில் வராமல், தெள்ளத் தெளிவாக. காது நன்றாகக் கேட்கிற அவர்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் வக்கீலுக்கும் அத்தானுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. காது கேளாதவர்களுக்கு மட்டும் எல்லாம் கேட்டிருக்கிறது.

அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

மேல் கம்பியைத் தட்டினேன். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், நல்ல கனமாக, ஒரே ஒரு தட்டு.

பாதி ஹால் எழுந்து கைதட்டியது. மீதிப் பாதிக்கு எதற்கென்று புரியாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரே என்று அதுவும் தட்டியது. ஒரு தாத்தா பின்னால் திரும்பி, அக்காவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வக்கீல் பாட்டை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்து மூன்று பக்கமும் குனிந்து வணங்கினார். இருபது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் நாங்கள் யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

முடிந்ததும் அந்தப் பெரியம்மா மேடைப் பக்கம் வந்தார். பாட்டு நன்றாக இருந்ததா என்று அக்கா கேட்டாள். பாட்டு பரவாயில்லை, நடுவில் பேசியதுதான் பிரமாதம், அடுத்த வருஷமும் இரண்டு பேரும் இப்படியே செய்யுங்கள் என்று அவர் ஹாலுக்கே கேட்கச் சொன்னார். பதினோரு வருஷம் கழித்துக் கிட்டார் கேட்கிறாராம். போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அக்காவை இனி இப்படிக் காக்கவைக்காதே என்று கண்டித்துவிட்டுப் போனார்.

அன்றைய ரெக்கார்டிங் என்னிடம் இருக்கிறது. லேபில் போட்டுக் காட்டினேன், நான் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் இருக்கிறேன். ஹால் ஸ்பீக்கருக்குப் போன வழியில் எடுத்தது என்பதால் அக்காவின் குரல் அதில் கிடையாது. மெதுவான பாட்டின் நடுவில், வக்கீலின் மைக்கில் விழுந்த பெரியம்மாவின் குரல் தூரத்தில் கேட்கிறது. அடுத்து என் தட்டு. அந்த ஒரு தப்பான தட்டை வெட்டி எடுத்துவிடலாமே என்று வக்கீல் நல்லெண்ணத்தில் சொன்னார். அக்கா முடியவே முடியாது என்றுவிட்டாள்.

பெட்டியைப் பவர் இல்லாததாக மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். வைத்திருக்கிறேன், அதன் பின்பக்கத்து ஓட்டையில் தூசி சேர்ந்துவிட்டது. பீரோவின் மேல் இப்போது ஷெட்டில் ஃபிளாஸ்க் வைக்கிறோம். அந்த ஸ்பீக்கர் வயர் இன்னும் அக்காவின் கைப்பையில்தான் இருக்கிறது. சாவியோ சில்லறையோ தேடும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி சுருட்டி உள்ளே வைக்கிறாள். நானும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.